மாவுப் பாக்கெட்டில் ஓர் ஊசித் துளை

வியாழக்கிழமை, கிள்ளான்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் தோசை மாவு சப்ளை செய்யும் சூப்பர்மார்க்கெட் கம்பெனி இன்று பெட்டாலிங் ஜெயாவில் கூட்டாளிகள் கூட்டம் வைத்திருந்தது. சப்ளை செய்கிற ஒவ்வொருவரும் புதிதாக என்ன கண்டுபிடித்தோம் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். போன தடவை நான்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். லோரி வெக்கையில் மாவு புளித்துப் பாக்கெட் வெடிக்காமல் இருக்க, மேல்மூலையில் ஓர் ஊசித் துளை, அதன்மேல் மூன்று பக்கம் மட்டும் ஒட்டிய டேப். எத்தனையோ நாள் தரையைக் கழுவியபின் கண்டுபிடித்தது. கைதட்டினார்கள்.

இன்று மேசைமேல் கம்பெனி பெயரிலேயே தோசை மாவு. அதே மூலை, அதே துளை, அதே டேப்.

"இது என்னோடதாச்சே," என்றேன் மேனேஜர் பிரகாஷிடம்.

"என்னோடது உன்னோடதுன்னு இல்லக்கா, நாம எல்லாம் ஒரே டீம் லா," என்று சிரித்தார். "உங்க மாவும் ரேக்ல இருக்கும். கீழ்த்தட்டுல."

சண்டை போட்டிருக்கலாம். கீழ்த்தட்டும் போய்விட்டால் எங்கே விற்பேன்?

"இந்தத் தடவை என்னக்கா கொண்டு வந்தீங்க?"

ஓர் இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஒரு மாதமாகப் பக்குவம் பார்த்த கேழ்வரகுத் தோசை மாவைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை மணி நேரம் ஊறவைக்கணும் என்று கேட்டார்.

அதையும் சொன்னேன்.