சுபாகுரோ மலைக்கு அத்தையோடு

ஜூன் 8, ஞாயிறு

அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கும் தொற்றிவிட்டது.

காலையில் வழக்கம்போல ஊதோன் நூடுல்ஸ் கடையில் சந்தித்தோம். ரியோஜிக்கும் எனக்கும் விவாகரத்தாகி ஆறு வருடம். ஆனால் அவன் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை ஊதோன் மட்டும் நிற்கவே இல்லை. மசுயோ அத்தை கடைசி நூடுல்ஸையும் உறிஞ்சிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"சதோமி, எழுபது வயசு ஆகறதுக்குள்ள ஒரு தடவை மேகத்துக்கு மேல நின்னு பாத்துடணும்டீ."

"விமானத்துல போலாமே அத்தை?"

"அதுல உக்காந்துதானே பாக்கணும்? நான் நிக்கணும்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்தேன். எங்கள் ஊர் தகாமத்சுவிலிருந்து கப்பலில் கோபே. ரயிலில் நகோயா. அப்புறம் மத்சுமோத்தோ. அங்கிருந்து சுபாகுரோ மலை – ஏற்றம் செங்குத்துதான், ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே தங்குவதற்கு விடுதி இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி எனக்கு ஏன் இப்படிக் கை பரபரக்கிறது?

ஜூன் 12

கோபேயில் ஓர் இரவா, இரண்டா? அத்தைக்கு ரொட்டிக்கடைகள் வேண்டும், எனக்கு மலை வேண்டும். ஓர் இரவுதான். நான் ஜெயித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பயிற்சிக்காக யாஷிமா குன்றில் ஏறினோம். தூறல். பாதி வழியில் நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினேன். அத்தை மேலே நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "மூக்குக்கண்ணாடிக் கடையில உக்காந்து உக்காந்து அடுப்பங்கரைப் பூனை ஆயிட்டே. இதுல நீ என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

மலை விடுதியில் ஜூலை 28க்கு இரண்டு இடம் கிடைத்துவிட்டது! போனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு குதி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

ஜூன் 24

ரியோஜி போன் செய்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.

"எங்கம்மா வயசு என்னன்னு தெரியுமா உனக்கு? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"அதோட, யுகாரிக்குச் சங்கடமா இருக்கு. நீ இப்ப எங்க வீட்டு ஆள் இல்ல சதோமி. புரிஞ்சுக்கோ."

யுகாரி – போன இலையுதிர் காலத்தில் அவன் கட்டிக்கொண்ட பெண். அத்தையும் அவர்களோடுதான் இருக்கிறார். அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவை ரயில் நிலையத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சரின்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். எதுக்குச் சரின்னேன்? ஆனா அவன் சொன்னதுல என்ன தப்பு? நான் யாரு அவங்களுக்கு? கல்யாணத்துல வந்த குடும்பப் பேரைக்கூட மாத்தியாச்சு. புது மருமக வீட்டுல இருக்கறப்ப மாமியார் பழையவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஊர் சுத்தறதாமே.

நாளைக்கே விடுதிக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடணும்.

ஜூன் 25

சொல்லவில்லை. அதற்குள் அத்தை கடைக்கே வந்துவிட்டார், நனைந்த குடையோடு. நான் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

"போகலைன்னு அவன்கிட்ட சொன்னியாமே?"

"அத்தை, இங்க வேணாம்…"

"உன்னை விட்டது அவன்தானே? நான் எப்போடீ விட்டேன்?"

பெரியவர் எழுத்துப் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். "அவங்க கேக்கறது நியாயம்தானேம்மா" என்றார். அத்தை அவருக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

போகிறோம்.

ஜூலை 3

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். கண்ணாடி மூக்கில் நழுவுகிறதாம். காதுப் பக்கம் வளைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், போகவில்லை. "நான் யுகாரி" என்றாள்.

இடுக்கியைக் கீழே வைத்தேன். "உங்களுக்குச் சங்கடம்னு ரியோஜி சொன்னார். நான் வேணும்னா…"

"சங்கடம்தாங்க." முகம் சிவந்திருந்தது. "ஆனா நீங்க போறீங்கன்னு இல்ல. அத்தை தினமும் சாப்பாட்டு மேசையில மலைக் கதைதான் பேசறாங்க. ஒரு நாளாவது நீயும் வரியான்னு என்னைக் கேக்கலை."

நான் சிரித்துவிட்டேன். முதலில் முறைத்தாள். அப்புறம் அவளும்.

ஜூலை 6, ஞாயிறு

அத்தையிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு மலைன்னா பயப்படுவான்னு நெனச்சேனே!" என்று உடனே அவளுக்குப் போன் போட்டுவிட்டார். விடுதியில் இன்னொரு இடமும் கிடைத்துவிட்டது.

மூன்று பேர்.

எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. சிரித்தது நிஜம்தான், ஆனால் இது என் ஞாயிற்றுக்கிழமை, என் அத்தை. இதுவும் அவளுக்கா?

ஜூலை 24

மூட்டை கட்டி, பிரித்து, மறுபடி கட்டினேன். நாளைக்கு! நாளைக்கு!

ஜூலை 25, கோபே

கப்பலில் அத்தை மேல்தளத்தை விட்டு இறங்கவே இல்லை. தொப்பி கடலுக்குள் போனதற்குக்கூடக் கைதட்டினார். யுகாரிக்குக் குமட்டல். முதுகைத் தடவிவிட்டேன். வேறு யார் தடவுவது?

ஜூலை 26, நகோயா

வெயில் அடுப்பு மாதிரி. மிசோ என்ற சோயா விழுதில் செய்த குழம்பு ஊற்றிய பன்றிக்கறிப் பொரியலை மூவரும் ஒரு துண்டு விடாமல் தின்றோம். அத்தை குறட்டை விடுகிறார். நானும் யுகாரியும் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

ஜூலை 27, மத்சுமோத்தோ

ஜன்னலைத் திறந்தால் மலைகள். உண்மையாகவே இருக்கின்றன.

ஜூலை 28, மலை விடுதி

வந்துவிட்டோம். கால் என்னுடையதில்லை.

ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாறையில் உட்கார்ந்தேன், கண்ணில் தண்ணீர். அத்தை வேறொரு கூட்டத்தோடு பேசிக்கொண்டே முன்னே போய்விட்டிருந்தார். யுகாரி என் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பிசைந்தாள். அப்புறம் மெதுவாக, "அவரு சாப்பிடறப்ப ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேங்கறாரே, உங்ககூட இருந்தப்பவும் அப்படித்தானா?"

"அப்பவும் அப்படித்தான்."

"நான் ஏதோ தப்பு பண்றேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வருஷக்கணக்கா."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி பிசையத் தொடங்கியது, இன்னும் மெதுவாக. எழுந்தபோது என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்கக்கா" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் எதிரே இருந்த அம்மாள், "ரெண்டும் பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

"மருமகளுங்க" என்றார் அத்தை.

"அப்ப ரெண்டு பையனா?"

"ஒருத்தன்தான்."

அந்த அம்மாளின் சாப்பாட்டுக் குச்சி அந்தரத்தில் நின்றுவிட்டது. யுகாரி சூப்பைத் துப்பிவிட்டாள். சிரிப்பை மறைக்க நான் மேசைக்கடியில் போனவள்தான், வெகுநேரம் எழவில்லை.

ஜூலை 29

உச்சி. வெள்ளைப் பாறைகள், கீழே முழுக்க மேகம். அத்தை இரண்டு கைகளையும் விரித்து நின்றார். எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இறங்கியதில் அத்தைக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஊதோன் கடைக்கு வரமுடியாது. காலையில் யுகாரி போன் செய்தாள். "அக்கா, சொன்னா கேக்காம தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தறாங்க. நீங்க வந்து அதட்டினாத்தான் அடங்குவாங்க."

அந்தத் தெருவுக்குள் நுழைந்து ஆறு வருடம். மணியை அடிப்பதற்குள் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன்.

கதவைத் திறந்தது ரியோஜி. நான் கொண்டுவந்த பீச் பழப் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உள்ளேயிருந்து அத்தையும் யுகாரியும் எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் குனிந்து, அலமாரியிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து, நான் போட்டுக்கொள்ள வாகாக என் பக்கம் திருப்பி வைத்தான்.

"உள்ள வா" என்றான்.