கழித்தால் வருகிறவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இயக்குநர் இன்றைக்கும் உச் கொட்டினார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'உச்சு'தான். போன சுகாதாரக் கணக்கெடுப்பு அறிக்கையை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "தன்பாலீர்ப்பாளர் ஆயிரத்துக்கு மூணு பேர்மா. இதுக்கு ஒரு தனி கிளினிக், நர்ஸ், ஆலோசகர்! இல்லாதவங்களுக்கு எதுக்கு மருந்து?"

இல்லாதவங்களாம்! எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? புருஷன், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிற கூடத்தில் முன்பின் தெரியாத ஆள் வந்து, பேனா மூடியைத் திறந்து, "நீங்க அப்படியா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? சொன்ன அந்த மூன்று பேருக்கும் மாலை போட வேண்டும்.

"மூணே பேர்னாலும் அவங்களுக்கும் காய்ச்சல் வரும் சார்" என்றேன். "சரியான எண்ணிக்கையோட வாங்க. ஜூன்ல பட்ஜெட் கூட்டம். அதுக்குள்ள வரலைன்னா மூடிடறது" என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் அந்த கிளினிக். இருபத்தாறு வயதில் அழுதபடியே அந்தப் படிகளில் ஏறினேன். "உனக்கு ஒரு வியாதியும் இல்லைம்மா, தண்ணி குடி" என்று ஒரு டாக்டர் சொன்னது அந்த அறையில்தான். அதையா மூடுவார்? பார்த்துவிடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

நெட்டை மறுபடியும் முதுகு வலி என்கிறாள். ஊருக்கெல்லாம் முதுகைச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட்! முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எங்களோடு வந்ததிலிருந்து நெட்டை கூடத்து சோபாவில்தான் படுக்கிறாள். அம்மாவுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை, "வாடகையைப் பங்கு போட்டுக்கற ஃபிரண்டு"க்கு சோபா. பதினோரு வருஷமாக என் துணையாக வாழ்கிறவள் ஃபிரண்டாம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். தொண்டை வரைக்கும் வருகிறது, அப்புறம் காபி போடப் போய்விடுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

வழி இருக்கிறது. நான் கண்டுபிடித்ததில்லை, எங்கள் புள்ளியியல் துறையில் தெரிந்த வழிதான். ஆட்களைக் குலுக்கலில் இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். மறு பாதிக்கு அதே நான்கும், கூடவே ஐந்தாவதாக நாம் கேட்க நினைப்பதும். "எது எதுன்னு சொல்ல வேண்டாம், உங்களுக்கு எத்தனை பொருந்தும்னு மட்டும் சொல்லுங்க." இரண்டு பாதிகளின் சராசரியைக் கழித்தால் விடை வந்துவிடும். ஆனால் எந்த ஆளையும் பார்த்து இவர்தான் என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டத்தில் நின்றபடியே கையைத் தூக்கலாம், எந்தக் கை என்று தெரியாது.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் ஒத்திகை. என் உதவியாளர் 'தசமம்' (எதற்கும் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் சொல்வான்) எழுதிய நான்கு வாக்கியங்கள்: டீ குடிப்பேன், செருப்பு போடுவேன், தூங்குவேன், போன் வைத்திருக்கிறேன்.

"அட அறிவுக்கொழுந்தே, நாலும் எல்லாருக்கும் பொருந்துமே! ஒருத்தர் அஞ்சுன்னு சொன்னா அவர் கதை அங்கேயே முடிஞ்சது. ஒளிய இடம் குடுக்கறேன்னு சொல்லிட்டுக் கண்ணாடிக் கதவு வைக்கறியா?" என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது. பிறகு அவனே உட்கார்ந்து நல்ல வாக்கியங்களாக எழுதினான். பாவம், பாராட்டியிருக்கலாம். நாளைக்குப் பாராட்ட வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு



இரண்டாவதாக ஒரு கேள்வியும் வைத்திருக்கிறோம். அது வீட்டைப் பற்றியது. வயதானவர்களுக்குப் புரிகிறதா பார்க்கலாம் என்று, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்று, இரவல் வாங்கிய குடையை இன்னும் திருப்பித் தரவில்லை. இரண்டு, சீட்டு வாங்காமல் பஸ்ஸில் போயிருக்கிறேன். மூன்று, டாக்டரிடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே வருகிறேன். நான்கு, எனக்கு நீந்தத் தெரியும். ஐந்து, என் வீட்டில் ஆணை விரும்பும் ஆணோ பெண்ணை விரும்பும் பெண்ணோ இருக்கிறார்.

"எத்தனைன்னு மட்டும் சொல்லுமா."

கத்தி நிற்கவே இல்லை. "மூணு" என்றாள்.

குடை ஆமாம். பக்கத்து வீட்டம்மாவின் கறுப்புக் குடை எங்கள் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. டாக்டர் ஆமாம், முழங்கால் பயிற்சியை "தினமும் செய்யறேன்" என்று அவரிடம் புளுகுகிறாள். சீட்டு இல்லவே இல்லை. கண்டக்டர் மறந்த காசை டிப்போவுக்கே போய்க் கட்டிவிட்டு வந்தவள். நீச்சலா? நிறைந்த வாளியைக் கண்டாலே பயம்.

ஆக இரண்டு. அம்மா சொன்னது மூன்று.

ஊரார் கேட்டால் ஒளிந்துகொள்ளலாம். பெற்ற மகளே கேட்டால்? இத்தனை வருஷம் இதே வேலை செய்கிற எனக்கு அது உறைக்கவில்லையே!

மார்ச் 17, திங்கள்

அம்மா தவறாக எண்ணியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் சின்ன வயதில் நீந்தியிருக்கலாம். ஒரே ஒருத்தியை வைத்துச் சராசரி எடுக்கப் பார்க்கிற புள்ளியியல்காரி நான் ஒருத்திதான்.

நெட்டையிடம் சொன்னேன். "கேட்டுடேன்" என்றாள். கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

களப்பணி நன்றாகப் போகிறது. ஒரு பெரியவர் எண்ணைச் சொல்லிவிட்டு, "இப்படிக் கேட்டா பயமில்லாம உண்மையைச் சொல்லலாமேமா" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும்.

மே 14, புதன்

அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் போனைப் பார்க்கிறேன்.

ஜூன் 11, புதன்

வந்துவிட்டது! ஆயிரத்துக்கு நாற்பத்தாறு. கூடக்குறைய முப்பதிலிருந்து அறுபத்திரண்டுக்குள். தசமம் மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, புள்ளியே வைக்காமல், "நாப்பத்தாறு மேடம்" என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்துவிட்டான்.

ஜூன் 19, வியாழன்

கூட்டம். "இது உறுதியா?" என்று கேட்டார் உச்சு.

"சந்தேகமா இருந்தா கீழ் எல்லையை எடுத்துக்குங்க சார். முப்பது. நீங்க சொன்ன மூணுக்குப் பத்து மடங்கு. இத்தனை பேருக்கு ஒரே ஒரு நர்ஸ். அவங்களும் மாடிப்படி ஏறி ஏறி முட்டி தேஞ்சு போயிருக்காங்க."

கணக்கு வழக்கத்துக்கு மாறாக அவரையே யோசிக்க வைத்துவிட்டது. "அப்போ நம்ம ஆபீஸ்லயும் இருப்பாங்களா? இருநூறு பேர் இருக்கோமே."

"சுமாரா ஒன்பது பேர் சார்." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "ஒருத்தி உங்க முன்னாடி நிக்கறா. மிச்ச எட்டு பேரைத் தேடாதீங்க. இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்."

உச்சு இந்த முறை உச் கொட்டவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது நர்சையும் சேர்த்து எழுதிக்குங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

படியில் இறங்கும்போது தசமம் பின்னாலேயே ஓடிவந்தான். என் பையை வாங்கிக்கொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு என்னை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. எழுதினால் தப்பா? எழுதுகிறேன்: பெருமையாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஆபீஸுக்கே சொல்லியாயிற்று, பெற்றவளிடம் சொல்லவில்லை என்றால் என்ன நியாயம்? காலையில் அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"மூணுன்னு சொன்னேன்ல?"

அம்மா மடியில் இருந்த பேப்பரை மடித்து வைத்தாள்.

"மார்ச்ல சொன்னேன். ஜூன் ஆச்சு. ஊருக்கெல்லாம் கணக்குப் போடறவ, அம்மா சொன்னதைக் கழிச்சுப் பார்க்கத் தெரியாதா? நீயே வாயைத் திறப்பேன்னு பார்த்தேன், காபி காபின்னு ஓடினே. எனக்கும் நேரா கேட்க நாக்கு வரலை. நீ அந்தக் கேள்வியைப் படிச்சதும், சரி, இதுதான் சமயம்னு சொல்லிட்டேன்."

அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். நாற்பத்தொரு வயதில்.

"போதும்டி. முதல்ல அந்தப் பொண்ணைப் பாரு. கால் சோபாவைத் தாண்டித் தொங்குது, பார்க்கச் சகிக்கலை. உன் அறையில அவ்வளவு பெரிய கட்டில் எதுக்கு? தலையணையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உடைந்தது. நெட்டை ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

சோபாவில் இப்போது அம்மா காலை நீட்டி முழங்கால் பயிற்சி செய்கிறாள். நெட்டை பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். அம்மா எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தாவினால் விடுவதில்லை. டாக்டரிடம் இனிப் பொய் சொல்ல வழியில்லை.

சாயங்காலம் அந்தக் கறுப்புக் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். "கால் தேறிடுச்சே!" என்றாராம் பக்கத்து வீட்டம்மா. அம்மாவின் பதில் ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது:

"என் பொண்ணோட துணை பிசியோதெரபிஸ்ட். வீட்லயே இருக்கா, எனக்கு என்ன கவலை?"

இப்போது அதே கேள்வியைக் கேட்டால் அம்மா ஒன்று என்பாள்.