செண்பகம் படுத்துக்கொண்டு பறக்க

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி.

என் பெயர் சு. கதிரேசன். வயது ஐம்பது. சிவகாசியில் ஒரு நாட்காட்டி அச்சகத்தில் ஏற்றுமதிப் பிரிவு மேலாளர், வீடு விருதுநகரில். இக்குறிப்பேட்டின் நோக்கம் ஒன்றே. என் மனைவி செண்பகம் கனடா வரை படுத்துக்கொண்டு பறக்க வேண்டும். அதற்கான ஒவ்வொரு படியையும் தேதியிட்டு எழுதி வைப்பது.

காரணம்: முதுகெலும்பில் வட்டு விலகல். நிற்கலாம், நடக்கலாம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. படுத்தபடி போக வழியிருந்தால் போகட்டும் என்கிறார் மதுரை மருத்துவர். மகள் வளர்மதிக்கு டொரண்டோவில் செப்டம்பர் முதல் வாரம் பிரசவம். திருமணமாகி எட்டாம் ஆண்டில். அம்மா அருகில் இல்லாமல் முடியாது என்கிறாள் தொலைபேசியில், தினமும்.

வழி: என் விமான மைல்கள். நாட்காட்டி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு மலேசியா, துபாய், கனடா என்று பதினெட்டு ஆண்டுகள் அலைந்ததில் ஒரே விமான நிறுவனத்தின் கணக்கில் பரிசுப் புள்ளிகளாகச் சேர்ந்தவை. அதன் கூட்டாளி நிறுவனத்து விமானத்தில், இந்த மைல்களைக் கொடுத்துச் சாதாரண இருக்கையைப் படுக்கை இருக்கையாக உயர்த்திக்கொள்ளலாம். இருக்கும் மைல்கள் ஒருவருக்குத்தான் போதும். எனக்குப் பின்வரிசை பழக்கம்.

விதிகள், மூன்று முறை படித்து எடுத்தவை:
மிக மலிவான சீட்டை உயர்த்த இயலாது. (ஒரு படி மேலான சீட்டே வாங்கியுள்ளேன். இருவருக்கும். ஆக. 14 இரவு, சென்னையிலிருந்து.)
கூட்டாளியிடம் நேரே கேட்கக் கூடாது. மைல் வைத்திருக்கும் நிறுவனம் கேட்டுப் பெறும்.
மனைவி பெயர், என் மைல்களைப் பயன்படுத்தக்கூடியவர்களின் நியமனப் பட்டியலில் இருக்க வேண்டும். (இருக்கிறது.)
கூட்டாளி திறந்துவிடும் இருக்கைகள் மிகச் சில. சில நாட்களில் எதுவுமில்லை.

ஆடி கடைசி வெள்ளி காலை இருக்கன்குடி அம்மன் கோயிலில் செண்பகம் அக்கினிச்சட்டி எடுக்கிறாள். வளர்மதி கருத்தரித்தால் எடுப்பதாக நேர்ந்தது. அன்று மாலை மதுரை விமானம், இரவு சென்னையிலிருந்து அடுத்தது. கச்சிதம்.

எந்த விதியிலும் இல்லாத கேள்வி ஒன்று பாக்கி. அந்தப் பதினெட்டு ஆண்டும் சீட்டுகளை வாங்கித் தந்தது அச்சகம். மைல்கள் யாருடையவை?

ஜூலை 22, செவ்வாய்

முதலாளிக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம். ஒன்றரைப் பக்கம். கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதும் படித்தார். வயது எழுபத்து நான்கு.

"என்னலே கதிரேசா இது? வேலைய விட்டுப் போறியோன்னு பதறிட்டேன்."

"மைல்களைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேணும் அண்ணாச்சி."

"பறந்தது நீ. காலு வீங்குனது ஒனக்கு. மைலு மட்டும் எனக்கா? நான் அத வச்சு எங்கன போக, சாத்தூருக்கா?"

கையெழுத்து வேண்டும் என்றேன். போட்டார். தேதியும் போடச் சொன்னேன்.

"இவன் பொண்டாட்டி எப்படிலே குடும்பம் நடத்துறா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அனுமதி கிடைத்தது, அதுவே முக்கியம்.

ஜூலை 24, வியாழன்

மைல் நிறுவனத்துடன் தொலைபேசி. காத்திருப்பு நாற்பது நிமிடம். ஒரு காதில் அவர்களுடைய பியானோ. கண்முன் கனடாப் பதிப்பின் மெய்ப்பு, அடுத்த ஆண்டு செப்டம்பர் தாள். அந்த இசையோடு தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கட்டங்கள் லேசாக மிதந்தன. முதல் வாரக் கட்டங்களில் ஏதோ ஒன்றில் அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறையும். எந்தக் கட்டம் என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் விரலை ஓட்டினேன். மை இன்னும் காயவில்லை.

பிறகு ஒரு பெண் குரல். மிகப் பணிவு. பதினான்காம் தேதிக்கு இருக்கை திறக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறாராம். "பொறுமைக்கு நன்றி" என்று நான்கு முறை. ஐந்தாவது முறை நான் சொன்னேன்.

ஜூலை 26, சனி

அரை நாள் வேலை. பேருந்தில் ஜன்னலோரம். திருத்தங்கல் தாண்டியதும் கண் அசந்தது.

நினைவு: விமானம் தரையிறங்கி எல்லோரும் வெளியேறும்போது பின்வரிசைக்காரர்கள் முன்பகுதி வழியாக நடந்து போவோம். அங்கே படுத்திருந்தவர்கள் ஏற்கெனவே இறங்கியிருப்பார்கள். கசங்கிய போர்வைகள், தலையணையில் ஒரு பள்ளம், பாதி குடித்த தண்ணீர். ஒருமுறை யாரும் பார்க்காதபோது ஒரு போர்வையைத் தொட்டேன். இளஞ்சூடு. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் யாரோ நிம்மதியாகத் தூங்கியதன் மிச்சம். விதிப்படி தொட்டிருக்கக் கூடாதுதான்.

அந்தப் பள்ளத்தில் செண்பகத்தின் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண்ணெய் மினுங்கும் கொண்டை. கீழே கடல். அவளுக்கு வலிக்கவில்லை.

விருதுநகர் வந்ததை நடத்துநர் தட்டிச் சொன்னார்.

வாங்கியவை: வலி மாத்திரை, கதம்பப் பொடி, வளர்மதிக்குச் சுக்கு.

ஜூலை 29, செவ்வாய்

மாலை 5.10. குறுஞ்செய்தி. உறுதியாகிவிட்டது. ஆக. 14, செண்பகம், இருக்கை 3-ஏ, ஜன்னலோரம், படுக்கை.

அச்சகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுமுன் சொன்னேன்.

"நெசமாவே காலை நீட்டலாமா?"

"முழுதாக. நூற்று எண்பது பாகை."

"நீங்க எங்கன இருப்பீக?"

"நாற்பத்திரண்டாம் வரிசை."

"அம்புட்டுத் தூரமா? நடுச்சாமத்துல எனக்குத் தண்ணி வேணும்னா யாரைக் கூப்பிட?"

சிரித்தாள். பிறகு சட்டி எடுக்கும் நாளைக் குறித்து வைக்கச் சமையலறைச் சுவரின் நாட்காட்டிக்குப் போனாள். பென்சில் நின்றது.

"ஏங்க. பதினாலு வெள்ளியா?"

"வெள்ளிதான். ஆடி கடைசி வெள்ளி."

"இங்க வியாழன்னு போட்டிருக்கே. கடைசி வெள்ளி பதினஞ்சுல்ல?"

சுவரில் இருந்தது எங்கள் அச்சகத்து நாட்காட்டி. போன ஆண்டு நானே மெய்ப்புப் பார்த்தது. பிழை இல்லை.

பிழை என்னுடையது. சித்திரை முதல் ஆடி வரை எங்கள் அச்சகத்தில் யாரும் இந்த ஆண்டில் வசிப்பதில்லை. கண்ணில் படுவதெல்லாம் அடுத்த ஆண்டுத் தாள். அதில் ஆடி கடைசி வெள்ளி பதினான்கு. அந்த எண்ணோடு சீட்டை வாங்கிவிட்டேன். சீட்டில் வியாழன் என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. ஒரு மாதமாகப் பார்க்கிறேன், படிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

மீண்டும் பணிவான குரல். பதினைந்து, பதினாறு, பதினேழு: இருக்கை இல்லை. ஆகஸ்ட் முடிய ஒன்றுகூட இல்லை. பதினான்கை விட்டால் திரும்பக் கிடைப்பதற்கு உறுதி சொல்ல முடியாதாம்.

செண்பகத்திடம் கேட்டேன்: முந்தைய வெள்ளியில் எடுத்தால் என்ன?

"கடைசி வெள்ளின்னு வாய்விட்டுச் சொல்லி நேந்தது. ஒங்க கம்பெனி ஆர்டரா, டெலிவரி தேதிய மாத்திக்கிட?"

"அப்படியானால்?"

"அப்ப நான் போகல."

மல்லாந்து படுத்தாள். மகளிடமிருந்து அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 31, வியாழன்

விடுப்பு எடுத்தேன். இந்த ஆண்டில் முதல்.

வீட்டுக்குள்ளேயே நடந்தேன். காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அமர்ந்தது. விமானத்தில் முன்பகுதிக்கும் எங்களுக்கும் நடுவே தொங்கும் திரையும் இப்படித்தான். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் செய்யக்கூடியது என்ன என்று யோசித்தேன். பதினோரு மணிக்குச் சொன்னேன்.

"நீ வியாழக்கிழமை போ. வெள்ளிக்கிழமை சட்டியை நான் எடுக்கிறேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களா? செருப்பில்லாம வாசக் கேட்டு வரைக்கும் போகமாட்டீகளே!"

"முறை உண்டா இல்லையா? அதைச் சொல்."

இருக்கன்குடியில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் அவர் குரல்:

"முடியாதவுகளுக்குப் புருசன் எடுக்கிறது நடக்கிறதுதான் தாயி. ஆனா பதினஞ்சு நாளு விரதம். மச்சான் தாங்குவாரா? மீன் கொழம்பு இல்லாம மனுசன் எளைச்சுப் போவாரே!"

அடுத்த சிக்கல். இருவர் சீட்டும் ஒரே பதிவில். பிரித்தால்தான் நான் பிந்திய தேதியில் போக முடியும். பிரிக்கும்போது உயர்த்திய இருக்கை நழுவிவிடக்கூடும். கூட்டாளி நிறுவனத்தை அழைத்து, மைல் நிறுவனத்தை அழைத்து, இருவரையும் ஒரே இணைப்பில் பேச வைத்தேன். செண்பகம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். பிரிந்தது. 3-ஏ அவளிடமே நின்றது. எனக்குப் பதினாறாம் தேதி, நாற்பத்து நான்காம் வரிசை.

"தனியா எப்படிங்க போவேன்? மதுரையத் தாண்டுனதில்ல."

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறேன் என்றேன். விமானம் மாறுமிடத்தில் பெயர் எழுதிய பலகையோடு ஒருவர் நிற்பார். உள்ளே தண்ணீருக்கு ஒரு பொத்தான். எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"தேதிய மட்டும் நான் சரிபாத்துக்கிடுதேன்" என்றாள்.

பிறகு, வெகுநேரம் கழித்து: "சட்டிய எறக்குற வரைக்கும் மொகம் சுளிக்கக் கூடாது. ஆத்தாவுக்குத் தெரிஞ்சிரும்."

மகளை அவளே அழைத்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்டது: "வாரேன்டி. படுத்துக்கிட்டே வாரேன்."

நாளை வெள்ளி. சுவரில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். காலையில் தலைமுழுகி, மஞ்சள் வேட்டி கட்டி, முதல் பேருந்தில் இருக்கன்குடி சென்று விரதக் காப்புக் கட்டிக்கொள்ளப் போகிறேன். வெறுங்காலுடன்.