மூச்சுப் பரீட்சை

மார்ச் 4, திங்கள்

எட்டு மாத இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இன்று டாக்டர் ஒரு சோதனைக்கு எழுதிவிட்டார். ஒரு மருந்தை ஆவியாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுக்கச் சொல்வார்களாம். ஒவ்வொரு முறையும் குழாயில் ஊத வேண்டும். மூச்சு இறங்கினால் ஆஸ்துமா. ஆஸ்துமா என்றால் கோயில் விறகடுப்பு போச்சு. எங்கள் ஊர் ஜாசின் கோயில் அன்னதானம் இருபத்திரண்டு வருஷமாக என் கைச் சமையல். “வயசு எழுபதும்மா, இன்னும் புகையில நிக்கணுமா?” என்கிறான் மகன் சுகுமாரன். அடுப்பை யார் கையில் கொடுப்பேன்?

மார்ச் 11

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி பவானேஸ்வரி போன் செய்தாள். மூச்சுத் திணறலுக்கு வாயில் வைத்து இழுக்கும் பம்பை முந்தின நாளிலிருந்து தொடக் கூடாது. அன்றைக்குக் கோப்பி, தேத்தண்ணி, சாக்லேட் கூடாது. “நான் பம்பே இழுக்கிறதில்லம்மா” என்றேன்.

மார்ச் 13, புதன்

போய்வந்தேன். மூக்கில் கிளிப். “ஊதுங்க பாட்டி, ஊதுங்க, இன்னும், இன்னும்!” ஐந்து தடவை மருந்து கூட்டியும் மூச்சு இறங்கவில்லை. “பிள்ளைங்க மாதிரி ஊதுறீங்க லா!” என்றாள் மிஸ்ஸி. அடுப்பை விடச் சொல்லச் சுகுமாரனுக்கு இனி காரணமில்லை. எனக்கு ஏன் சந்தோஷமில்லை?

மார்ச் 14

விடிந்ததிலிருந்து இருமல். எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலை பக்கத்து வீட்டு வாணியின் நீலப் பம்பை வாங்கி இரண்டு இழுப்பு. அது மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் என்று தெரியும். ஐந்தாம் வகுப்புவரை ஒரு பரீட்சையிலும் தோற்காதவள் நான் — சீ, யாரை ஏமாத்துனேன்?

மார்ச் 18

போன் செய்து ஒப்புக்கொண்டேன். பவானேஸ்வரி சொன்னாள்: “பாட்டி, இதுல பாஸு பெயிலுன்னு எதுவும் இல்ல. தெரிஞ்சாத்தான் மருந்து தர முடியும்.” வேறு தேதி கொடுத்தாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மூன்றாவது தடவை மருந்தைக் கூட்டியதுமே நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் ஆனது. பயந்துபோனேன். மிஸ்ஸி உடனே நிறுத்தி, பம்பு கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் இறுக்கம் விட்டது. மறுபடி ஊதவைத்து, பழையபடி வந்த பிறகுதான் அனுப்பினாள். ஆஸ்துமாதான். பம்பு விஷயம் தெரிந்தும் சுகுமாரன் ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினான். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி

காலையும் மாலையும் மருந்து இழுக்கிறேன். இன்று அடுப்பில், இத்தனை நாள் எனக்குக் காய் நறுக்கித் தந்த ராகினி நின்றாள். எனக்குப் புகை எட்டாத வாசலோரம் நாற்காலி. இருப்புக் கொள்ளவில்லை. சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, வாசனையில்தான் உப்பு தெரியவேண்டும். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, “சொல்லுங்க பெரியம்மா” என்றாள். ஆழமாக இழுத்தேன். இருமல் வரவில்லை. உப்பு சரிதான். ஏதாவது குறை சொல்லலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை.