எண்ணெய் போடாத பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்பாலும் மனதாலும் நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் திடீரென்று கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சில விஷயங்களை அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. முதலில் சில்லறைச் செய்திகள். மாடியில் குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், போகும்போது நம் ஏணியும் அவருடைய சாமானோடு வண்டியில் ஏறிவிட்டதாம், கேட்டால் கவனிக்கவில்லை என்கிறார், ஏணி தானாகவே நடந்து போய் ஏறிக்கொண்டது போலிருக்கிறது. சித்தப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது எங்கே போனாலும் சுவரில் வெடிப்பு இருக்கிறது, தூசி இருக்கிறது என்று சொல்லி எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதிக்கிறார். என் தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை பேசும்போது தம்பியின் கப்பல் என்ன ஆயிற்று என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். அதை முடித்துவிடுங்கப்பா, பாதியில் கிடந்தால் அம்மா அந்த அறையை விட்டு வரவே மாட்டா என்று சொன்னவளே நீதான். சொன்னது சரிதான். அவன் விபத்தில் போனதிலிருந்து ஏழு மாதமாக அந்த மரக்கப்பல் அவன் அறையில் ஜன்னலோர மேஜையில் அப்படியே இருந்தது. அடிப்பாகம் முழுக்க மெல்லிய மரக்கீற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டி முடித்திருந்தான், மூன்று பாய்மரமும் நிறுத்திவிட்டான், மிச்சம் இருந்தது கடைசி வேலை மட்டும், அதாவது மேல்பூச்சு. அதில்தான் எனக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை. முப்பத்தெட்டு வருடம் கதவுக்கும் ஜன்னலுக்கும் பெயிண்ட் அடித்தவன் நான், பெயிண்ட் இல்லாத மரத்தைப் பார்த்தால் எனக்குச் சட்டை போடாத ஆளைப் பார்ப்பது மாதிரி இருக்கும். மேலே கறுப்பு, நடுவில் ஒரு மஞ்சள் பட்டை, தண்ணீருக்குக் கீழே வெள்ளை, நான் அடித்துத் தருகிறேன்டா, கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவன் கேட்கவில்லை. மரத்தோட நிறமே போதும்பா, எண்ணெய் மட்டும் போடுவேன், நீங்க டப்பாவைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க என்றான். இருபத்தாறு வயதில் பொம்மைக் கப்பல் செய்கிறவனுக்கு வாய் மட்டும் குறைவில்லை என்று நானும் சொன்னேன். அவனோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அதனால் அவன் இஷ்டப்படியே எண்ணெய் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பாய் கட்டுவதா வேண்டாமா என்று அவன் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய துணி ஒன்று டப்பாவில் இருந்தது, ஆனால் வெட்டவில்லை, அதனால் வெறும் மரமாகவே விட்டேன். ஆனால் கை பழகியது பழகியதுதானே. எந்தப் பூச்சு போடுவதாக இருந்தாலும் முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய அழுக்கு, பசை, கறை எல்லாவற்றையும் எடுக்காமல் நான் பிரஷ்ஷைத் தொடமாட்டேன். கப்பலின் வலப்பக்கத்தை மூன்று நாள் தேய்த்தேன். முரட்டுத்தாள், அப்புறம் நைஸ் தாள், அப்புறம் அதைவிட நைஸ். கன்னம் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. நாலாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. சரி, இடப்பக்கம் பார்க்க ஓரளவு சுத்தமாகத்தானே இருக்கிறது, எண்ணெய் எப்படி இழுக்கிறது என்று அங்கே ஒரு கை போட்டுப் பார்ப்போம் என்று துணியில் நனைத்துத் தடவினேன். மரம் நன்றாகக் கறுத்து வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே நடுநடுவே வெளுப்பாக ஏதோ தெரிந்தது. பசை பட்ட இடத்தில் எண்ணெய் இறங்காது, அது எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். விரல்கள். அவன் விரல்கள். கீற்றை ஒட்டிவிட்டு, பிடிக்கும்வரை பசைக் கையோடு அழுத்திப் பிடித்திருக்கிறான். கட்டைவிரல், பக்கத்தில் இரண்டு விரல், கொஞ்சம் தள்ளி மறுபடியும், முன்முனையிலிருந்து பின்முனை வரைக்கும், ரேகை ரேகையாக. துணியை வைத்துவிட்டு, கப்பலைத் திருப்பி நான் தேய்த்த வலப்பக்கத்தைப் பார்த்தேன்.

அம்மா பார்த்துவிட்டு முதலில் பயந்துவிட்டாள். மூடிடுங்க, பெயிண்ட் அடிச்சு மூடிடுங்க, என்னால இதை வச்சுக்கிட்டு இந்த வீட்ல இருக்க முடியாது என்றாள். நான் கப்பலைத் திருப்பி இடப்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்தால் அது மறுபடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்பி வைப்பேன், வெளியே போய்விட்டு வந்தால் அது தானே திரும்பியிருக்கும். மூன்று நாள் இப்படி நடந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் பாதி வழியில் குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது, அம்மா அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு விரல் தடத்தின் மேலும் தன் விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. அந்தப் பக்கமும் எண்ணெய் போடுங்க, அங்கயும் இருப்பான்ல என்றாள்.

அந்தப் பக்கத்தைத் தேய்த்துவிட்டதை எப்படிச் சொல்வேன். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன், கடை மூடியிருக்கிறது என்றேன், மழை ஈரத்தில் காயாது என்றேன். தினமும் காலையில் எழுந்ததும் இன்னைக்குப் போடலாமா என்று கேட்பாள், ஊரிலிருந்து யாரோ வரப்போகிற மாதிரி அந்த மேஜையைத் துடைத்து வைப்பாள். பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவனுடைய பசைப் புட்டியைத் திறந்து என் விரலில் தொட்டு, வலப்பக்கத்தில் நாலைந்து இடத்தில் அழுத்தினேன். திருடன் மாதிரி இருந்தது. வாழ்க்கை முழுக்க வேலையில் பூசி மெழுகாத ஆள் உன் அப்பா. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து எண்ணெய் தடவினேன், தடம் வந்தது. அவள் விரலை வைத்தாள், எடுத்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள். இது உங்களோடது என்றாள். ரேகையே இல்லாத விரல் இந்த வீட்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு, உப்புத்தாளும் டர்பன்டைனும் தின்ன விரல், எனக்குத் தெரியாதா என்றாள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மூன்று நாள் தேய்த்ததைச் சொன்னேன், தேய்த்ததெல்லாம் அழுக்கு என்று நினைத்ததைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தத் தூளை எங்க கொட்டினீங்க என்று. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன், வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் விரலில் ஒட்டிய எண்ணெயை முந்தானையில் துடைத்தாள். அப்புறம் சொன்னாள், அந்த மூணு நாளும் நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன், தேய்க்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அவன்தான் தேய்க்கிறான்னு நினைச்சுக்கிட்டேன், நல்லாத் தூங்கினேங்க என்றாள்.

கப்பல் இப்போது அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் நான், பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் செய்தது எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது, ஆனால் அம்மா முன்னைவிடக் கொஞ்சம் சாப்பிடுகிறாள். நீ வரும்போது கப்பலைப் பார், என்னிடம் எதுவும் கேட்காதே. மாப்பிள்ளையை அதிகம் அலைய வேண்டாம் என்று சொல், குழந்தைக்குக் குளிருக்குக் காதை மூடிவிடு, உன் உடம்பையும் பார்த்துக்கொள். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எங்கள் நேரப்படி பிற்பகல் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் போன் செய்யாதே. அந்த நேரத்தில் தம்பியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெறும் பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருப்பாள். மணி அடித்தால் நான் எழுந்து வந்து எடுக்க வேண்டியிருக்கும், சத்தம் நின்றுவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா