திரும்பி நின்ற எஸ்

டிரெவாசிக், கார்ன்வால்
1874 மார்ச் 9

அன்பு மகள்கள் தாமசினுக்கும் லவ்டேக்கும் அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். சிசிலியில் நீங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இருமல் குறைந்து சுரங்கத்துக்குப் போகிறார். அண்ணன் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்து என் விரலைக் கடிக்கிறாள். பன்றி நன்றாகக் கொழுத்திருக்கிறது. இதை லவ்டேக்காக எழுதுகிறேன், ஏனென்றால் போன கடிதத்தில் அவள் பங்குக்கு எழுதிய பக்கத்தில், எப்போதும் கேட்கும் பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, புதுப் பிரசங்கியார் எப்படி என்று கேட்டிருந்தது. லவ்டே என்றைக்குப் பிரசங்கியாரை விசாரித்தாள்? தாமசின், தங்கச்சி கையெழுத்தை அச்சாகப் போட்டிருக்கிறாய், ஆனால் அவள் பேச்சு உனக்கு வராது.

அந்தக் கடிதம் வந்த அன்று உங்கள் ஜெனிஃபர் அத்தை இங்கேதான் இருந்தாள். நீங்கள் கார்லையன் அம்மாளுக்குத் துணையாகக் கப்பல் ஏறியபோது, போகிறது இரண்டு பேர், வரப்போவது எத்தனை பேரோ என்று சொன்னவள், நான் மறக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தையே பார்ப்பதைக் கண்டு, "சின்னவளுக்கு ஏதோ ஆயிடுச்சு அண்ணி, பெரியவ மூடி மறைக்கிறா" என்று சொல்லிவிட்டு, என் குங்குமப்பூ கேக்கில் இரண்டாவது துண்டையும் தின்றுவிட்டுப் போனாள். எனக்கு இரண்டு நாள் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை.

அவசரத்தில் பிரித்துப் போட்ட உறையை நேற்றுத்தான் கையில் எடுத்தேன். விலாசத்தை நான் எழுதுகிறேன் என்று லவ்டே அடம்பிடித்திருப்பாள் போல. நம் ஊர்ப் பெயரில் இரண்டு எஸ்ஸும் பின்பக்கம் திரும்பி நிற்கின்றன, ஈர மையை ஒரு கை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இடது கை. அவளுடைய ஆறு வயதில் சிலேட்டில் நான் பார்த்த அதே எஸ். பெனலூனா டீச்சர் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டு வலது கைக்குப் பழக்கினாளே, இருபது வருஷமாக ஜெப வீட்டில் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டுவதற்கு நாடா கேட்டபோது என் ஏப்ரனிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது நான். அதையும் மறக்கவில்லை.

அப்பா உறையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கழுதைச் சவாரி பழகுறேன்னு எழுதினாளே, விழுந்து வலது கையை ஒடிச்சுக்கிட்டா. உசுரோட இருக்கா, விடு, சூப்பை ஊத்து" என்றார். ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம்.

லவ்டே, எலும்பு கூடும்வரை கட்டை அவிழ்க்காதே. இனி உன் பக்கத்தை நீயே அந்தக் கையால் எழுது, மை இழுபடட்டும், எஸ் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் எனக்குப் படிக்க வரும். கை ஆறிய பிறகும் எந்தக் கை உனக்குப் பிடிக்கிறதோ அதிலேயே எழுது. நாடா இப்போது என் ஏப்ரனில் இருக்கிறது, யார் கேட்டாலும் தர மாட்டேன். தாமசின், எங்கள் மனசுக்காக மறைத்தாய், தெரியும், இனி வேண்டாம்.

கர்த்தர் உங்களை வெயிலிலிருந்தும் கழுதையிலிருந்தும் காப்பாராக. அத்தைக்கும் மறக்காமல் ஒரு வரி எழுது லவ்டே, இடது கையாலேயே. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் அம்மா
கெசையா