டிரைவரின் விலாசம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே பதில்தான்: டிரைவர் கிடைக்கவில்லை.

இத்தனை வருடம் வலைப்பக்கங்களைக் கையால் கிளிக் செய்தே சோதித்தவள் நான். மாதக் கடைசியில் எங்கள் பிரிவை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சோதனையைத் தானாக ஓடவைத்துக் காட்டினால் பக்கத்து அணியில் இடம். இல்லையென்றால் வீடுதான்.

பிரவுசரை நமக்குப் பதிலாக இயக்கும் சின்ன புரோகிராமுக்குப் பெயர்தான் டிரைவர். அது இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் தேடிப் பார்க்கும் ‘பாத்’ என்ற விலாசப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தேனே! பிறகு என்ன கேடு?

வீட்டுக்காரரிடம் புலம்பினால், டிரைவர்தானே வேண்டும், தம்பியை அனுப்பவா என்கிறார். கொழுந்தன் லாரி ஓட்டுகிறார். கோபத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

மார்ச் 5

பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

“அக்கா, ஃபோல்டர் எதுன்னுதான் அது கேக்குது. நீங்க ஃபைல் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கீங்க. தெருவைக் கேட்டா ஆளையே இழுத்துட்டு வந்து நிறுத்துற மாதிரி.”

திருத்தினேன். மறுபடியும் கிடைக்கவில்லை. ச்சே.

மார்ச் 6

போச்சு. சாப்பிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் அப்டேட் போட்டுக்கொண்டு தானே அணைந்து எழுந்திருக்கிறது. திறந்து வைத்திருந்ததெல்லாம் காலி. யாரைக் கேட்டு மூடினே? அழுகையே வந்துவிட்டது.

வெறுப்பில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்து, சோதனையை ஓடவைக்கும் அதே வரியைத் தட்டினேன். பிரவுசர் திறந்தது. யாரும் தொடாமலே பயனர் பெயர் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது!

திறக்கும்போது ஒரே முறைதான் அந்தத் திரை பாத்தைப் படிக்குமாம், ரேடியோ சொன்னான். நான் திருத்தியது அதற்குத் தெரியவே இல்லை. கோளாறு வந்த திரையை ஆதாரத்துக்காக மூடாமல் வைப்பது எங்கள் பிரிவின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் திங்கள்கிழமை திறந்த திரையையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மார்ச் 7

ஓடியது. பக்கத்து அணியின் மேடம் கடைசிவரை நின்று பார்த்தார்.

“திங்கக்கிழமை அந்தப் பக்கம் வந்து உக்காந்துடுங்க.”

அவ்வளவுதான். கழிவறைக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

புது சீட். சோதனை அது பாட்டுக்கு ஓடுகிறது. நான் கைகட்டி வேடிக்கை பார்க்கிறேன். இதற்குச் சம்பளம் வேறு.

ராத்திரி சாப்பாடானதும் மகள் வழக்கம்போலத் தைலத்தோடு வந்தாள். நாளெல்லாம் கிளிக் செய்து வலிக்கும் மணிக்கட்டுக்கு அவள்தான் தேய்த்துவிடுவாள். இன்று வலியே இல்லை என்றேன்.

“அப்போ இனிமே வேணாமாம்மா?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கையை நீட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தேய்த்துவிட்டாள்.